சத்தத்தைப் படம்பிடித்தவள்

போன மாதம் பிரவின் கூப்பிட்டான். நான் ஓய்வு பெற்ற பிறகு பினாங்கு மாநிலக் கல்வி இலாகாவில் என் நாற்காலிக்கு வந்திருக்கும் இளைஞன். நல்ல பையன், வேகமான பையன். வேகமான பிள்ளைகளிடம் ஒரே ஒரு குறை உண்டு. எதைப் பார்த்தாலும் இதைக் குறைக்கலாமா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

“டீச்சர், குறும்பட விழா விதிமுறையப் பாத்துக்கிட்டு இருக்கேன். முதல் சுற்று சத்தத்த ஆஃப் பண்ணிட்டுப் பாக்கணும்னு இருக்கு. அதுகூட பரவால்ல. ரெண்டாவது சுற்றுல நடுவருங்க கண்ண மூடிக்கிட்டு படத்தக் கேக்கணுமாம். புதுசா வந்த நடுவருங்கல்லாம் சிரிக்கிறாங்க டீச்சர். எடுத்துடலாமா?”

“எடுத்துத்தான் பாரேன். பாலம் ஏறித் தீவுக்கு வந்து ஒதைப்பேன்” என்றேன்.

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது என்று தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அவனுக்காக எழுத உட்கார்ந்ததுதான் இது. அவன் இடத்துக்கு அடுத்து வரப்போகிறவர்களும் படிக்கட்டும்.

என் கதையை நீட்ட மாட்டேன். நிபோங் திபால் பக்கம், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாகத் தொடங்கினேன். வாய் ஓயாமல் பேசியே பிள்ளைகளைக் கரையேற்றினேன். பிறகு இலாகாவுக்கு மாற்றினார்கள். புறப்பாட நடவடிக்கைப் பிரிவு. விளையாட்டுப் போட்டிக்குக் கூடாரம் போடச் சொல்வது, கவிதைப் போட்டிக்கு நடுவர் தேடுவது, வராத நடுவருக்காக மன்னிப்புக் கேட்பது, இப்படியே பல வருடங்கள் ஓடின. அந்த வேலையில் எனக்கு எந்த ஆச்சரியமும் மிச்சமில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஹாஜா மைதீன் சார் எனக்கு மேலதிகாரியாக வந்தார்.

சார் ஜார்ஜ்டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருந்தவர். கூட்டத்துக்கு மேலாகக் குரல் கொடுத்தே பழகிய குடும்பம் என்பதால், சார் ரகசியம் பேசினாலும் அடுத்த மாடிக்குக் கேட்கும். ஒருநாள் என் மேசைக்கு முன் வந்து நின்று, “டீச்சர், பிள்ளைங்க எல்லாம் ஹேன்போனத் தேய்ச்சிக்கிட்டுத்தான் கெடக்குதுங்க. தேய்க்கிறதே தேய்க்குதுங்க, உருப்படியாத் தேய்க்கட்டும்லா. படம் எடுக்கச் சொல்வோம்” என்றார். ஏழு நிமிடத்துக்கு மேல் போகாத குறும்படம், தமிழ்ப்பள்ளி மாணவர்கள் எடுக்க வேண்டும், கைப்பேசி போதும். முதலில் தீவில் உள்ள பள்ளிகள் மட்டும் என்று ஆரம்பித்தோம். பிறகு பெருநிலத்துப் பள்ளிகளும் நாங்களும் வருகிறோம் என்று சேர்ந்துகொண்டன.

முதல் வருடம் ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான். ஒரு பள்ளியிலிருந்து வந்த படத்தில் ஆளில்லா விமானத்தைப் பறக்கவிட்டு பினாங்குப் பாலத்தையே சுற்றிக் காட்டினார்கள். எழுத்துகள் பொன்னிறத்தில் சுழன்று வந்தன. மணப்பெண் வருவதுபோல் ஓர் ஆசிரியை மெதுநடையில் வந்து சுற்றுச்சூழலைப் பற்றிப் பேசினார். சார் அந்தப் படத்தின் இயக்குநரான பையனை மேடைக்கு அழைத்தார்.

“தம்பி, இந்த ஷாட்ட எங்க நின்னு எடுத்தே?”

“தெரியாது சார். நான் அன்னைக்கு டியூஷன்ல இருந்தேன்.”

மண்டபமே சிரித்தது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் கல்யாண வீடியோக்காரரைப் பிடித்து வேலையை முடித்திருந்தார். பையன் உள்ளதைச் சொன்னான், அவன்மேல் குற்றமில்லை. அன்றே சார் விதிகளை எழுதினார். பெரியவர்கள் படம் எடுக்கும் கருவியைத் தொடக்கூடாது. படம் முடிந்ததும் எடுத்த பிள்ளைகள் மேடையில் நிற்க வேண்டும், கீழே இருக்கும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். பெரியவர்கள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படத்தில் முகம் தெரிகிற ஒவ்வொருவரும் அந்தப் படத்தைப் பார்த்து, காட்டலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்குக் காரணம் வேறொரு படம். கடைவாசலில் குடித்துவிட்டு ஆடிய ஒருவரை யாரோ என்று நினைத்து ஒரு குழு படம்பிடித்துவிட்டது. அவர் ஒரு மாணவியின் மாமா. அந்தப் பிள்ளை அழுத அழுகையை இன்னும் நான் மறக்கவில்லை.

சத்தத்தை அணைக்கும் விதியும் அப்போது வந்ததுதான். எந்தப் படத்தைத் திறந்தாலும் மூச்சுவிட இடமில்லாமல் பின்னணி இசை. அம்மா தோசை சுட்டால் வயலின், பந்து உருண்டால் மேளம். அது போதாதென்று ஆசிரியர் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பிள்ளை மூச்சு வாங்காமல் ஒப்பிக்கும். “காது ரொம்ப சீக்கிரம் ஏமாந்துடும் டீச்சர். கண்ணு கொஞ்சம் உஷாரு” என்பார் சார்.

முதல் சுற்று இலாகாவின் கூட்ட அறையில் நடக்கும். திரைச்சீலைகளை இழுத்து மூடுவோம். நடுவர்கள் நாங்கள் நான்கு பேரும் உட்கார்ந்திருப்போம். சார் மட்டும் உட்கார மாட்டார். ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிச் சுருட்டித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அறையின் பின்னால் சுவரில் சாயாமல் கைகட்டி நிற்பார். எத்தனை படம் ஓடினாலும் அப்படியேதான் நிற்பார். படம் முடிந்ததும் நாங்கள் கை தூக்க வேண்டும், அல்லது தூக்காமல் இருக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டு, “அடுத்தது” என்பார். அந்த ஒரு சொல்தான். ஊரே கேட்கிற குரலில் நாளெல்லாம் பேசுகிற மனிதர், படம் பார்க்கும்போது அந்த ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் பேச மாட்டார்.

எனக்கு முதலில் அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. இரண்டாம் வருடம் கெப்பாலா பத்தாசிலிருந்து ஒரு படம் வந்தது. வயலில் நெல் அறுக்கும் இயந்திரம் போகிறது. அதன் பின்னால் வெள்ளைக் கொக்குகள் இறங்குகின்றன. பையன் கைப்பேசியை வரப்பில் ஊன்றிவிட்டுத் தானும் அசையாமல் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் கொக்குகள் கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்து, கடைசியில் ஒன்று திரை முழுக்க நின்று எங்களையே பார்த்தது. சத்தமே இல்லாத அறையில் நான்கு பெரியவர்கள் ஒரு கொக்குக்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான்கு கைகளும் ஒன்றாக உயர்ந்தன. அன்று சாரை மனதுக்குள் கும்பிட்டேன். பள்ளிகளுக்கும் விஷயம் பரவியது. பேசுவதைக் குறைத்துக் காட்டுவதைக் கூட்டினார்கள். வருடத்துக்கு வருடம் படங்கள் எங்களை அசர வைத்தன. பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் இருக்கும் பிள்ளைகள் எப்படி இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று வாயடைத்துப் போவேன். வாயடைப்பது எனக்குச் சுலபமாக நடக்கிற காரியம் இல்லை.

இப்படி விதி கெட்டியாகி, நாங்களும் அதில் கெட்டியாகிவிட்ட ஒரு வருடத்தில்தான் அந்தப் படம் வந்தது.

பாயான் பாரு பக்கத்துப் பள்ளி ஒன்றிலிருந்து. எடுத்தவள் ஆறாம் ஆண்டு மாணவி, பெயர் ஷாமினி. அடுத்த வருடம் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விடுவாள், எங்கள் விழாவுக்கு இனி வர முடியாது. வழக்கம்போல் சத்தமில்லாமல் ஓடவிட்டோம். பாதி திறந்த ஒரு கதவு. உள்ளே இருட்டாக்கிய அறையில் ஒரு பெண் படுத்திருக்கிறார். பிறகு ஒரு குழாய். பிறகு தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு சிறுவன். வீட்டுக்குள் வரும் ஒரு ஆள். மறுபடி படுத்திருக்கும் பெண். வாசலுக்கு வெளியே ரொட்டிக்காரரின் மோட்டார் சைக்கிள். மறுபடி அந்தப் பெண், இந்த முறை முகம் அருகில். கடைசியில் ஒரு அலாரம் கடிகாரம். முடிந்தது.

“ஹேன்போன வச்சிட்டு மறந்துட்டு விளையாடப் போயிடுச்சுங்க போல” என்றார் பக்கத்திலிருந்த முத்தையா சார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பல வருடமாக எங்களுடைய நடுவர். ஒரு கையும் உயரவில்லை.

“அடுத்தது” என்றார் சார்.

தேர்வாகாத பள்ளிகளுக்கு நான்தான் கூப்பிட்டுச் சொல்வேன். யாரும் ஆசைப்படாத வேலை. ஷாமினியின் பொறுப்பாசிரியை தன்மையாகக் கேட்டுக்கொண்டார். பின்னாலிருந்து ஏதோ முணுமுணுப்பு. பிறகு போன் கைமாறியது.

“டீச்சர், நான் ஷாமினி பேசுறேன். ஒண்ணு கேக்கலாமா? நீங்க கேட்டீங்களா?”

“எதம்மா?”

“படத்த.”

“முதல் சுற்று சத்தம் இல்லாமத்தான் பாப்போம்மா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

அழப்போகிறாளோ என்று நினைத்தேன். அழவில்லை.

“நான் சத்தத்தத்தான் டீச்சர் எடுத்தேன்” என்றாள்.

போனை வைத்த பிறகும் அந்த வாக்கியம் என்னை விடவில்லை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போனதும் காதில் ஹெட்போன் கருவியை மாட்டிக்கொண்டு படத்தை ஓடவிட்டேன்.

முதலில் எதுவும் கேட்கவில்லை. மின்விசிறி சுற்றும் கிர்ர் சத்தம் மட்டும் இருந்தது. பிறகு குழாயைத் திறக்கிறார்கள். குழாயின் வாயில் ஒரு துணிக்கீற்று கட்டியிருக்கிறது, தண்ணீர் அதைப் பற்றிக்கொண்டு வாளிக்குள் ஓசையில்லாமல் இறங்குகிறது. சிறுவன் ஒலி இல்லாத கார்ட்டூன் பார்க்கிறான். சிரிப்பு வந்ததும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறான், தலையணைக்குள்ளிருந்து ஒரு சின்ன விக்கல்போல் சிரிப்பு. அப்பா வருகிறார். சாவிக்கொத்தை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருக்கிறார். அவருக்கு இருமல் வருகிறது. வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்கு ஓடுகிறார், அங்கேயும் பாதிதான் இருமுகிறார். பாத்திரங்களைத் துண்டு விரித்து அதன்மேல் வைக்கிறார்கள். தூரத்தில் ரொட்டிக்காரரின் ஹார்ன் கேட்கிறது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒவ்வொரு புளோக்காகக் கிட்ட வருகிறது. ஐயோ, இங்கே வந்து அடிக்கப் போகிறாரே! ஆனால் அந்த வீட்டை நெருங்கியதும் ஹார்ன் நின்றுவிடுகிறது. இஞ்சினும் நின்றுவிடுகிறது. வண்டி உருண்டே அந்த வாசலைக் கடந்து போகிறது. அடுத்த வாசலுக்கு அப்பால் போன பிறகுதான் மறுபடி உறுமல்.

இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் தூங்குகிறார். தொழிற்சாலையில் இரவு வேலை பார்க்கும் அம்மா. அவர் பகலில் தூங்குவதற்காக ஒரு வீடே, வீடென்ன, ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடைசியில் அலாரம் அடிக்கிறது. அடித்ததும், திரையில் அந்தக் கடிகாரம் மட்டுமே நிற்க, அப்பப்பா! தொலைக்காட்சி அலறுகிறது, குழாய் கொட்டுகிறது, பாத்திரம் உருள்கிறது, சிறுவன் கத்துகிறான், அப்பா நாள் முழுக்க அடக்கி வைத்த இருமலை ஆசைதீர இருமித் தீர்க்கிறார். தீபாவளி வந்த மாதிரி இருந்தது.

நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒருத்தி அன்பின் சத்தம் என்ன என்று கேட்டுக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதை நாங்கள் வயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்திருக்கிறோம்.

சார் சாப்பிட்டுவிட்டு வந்ததும் காதுக் கருவியை நீட்டினேன். நின்றபடியே மாட்டிக்கொண்டார். ரொட்டிக்காரர் வருகிற இடத்தில் என் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். படம் பார்க்கும்போது அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முடிந்ததும் கருவியைக் கழற்றி மேசையில் வைத்தார், சத்தம் வராமல்.

“நம்ம சட்டத்துல பெரிய ஓட்டை இருக்குலா டீச்சர்” என்றார். குரல் அடுத்த மாடிக்கு என்ன, எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

நடுவர்களைக் கூட்டி மறுபடி போட்டோம். எல்லாரும் கேட்டார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். முத்தையா சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஒரு குண்டைப் போட்டார்.

“படம் பிரமாதம். ஆனா அந்த அம்மாகிட்ட அனுமதி கேட்டாங்களா? தூங்குறவங்களப் படம் எடுக்கிற வழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட இல்லையே. கண்ண மூடிப் படுத்திருக்கிற படத்த எப்ப எடுப்போம்னு எல்லாருக்கும் தெரியும். பெரிய திரையில காட்டினா அந்த அம்மா மனசு என்னாகும்?”

அவர் சொன்னது நியாயம். எங்கள் விதியும் அதுவேதான். பள்ளிக்குக் கூப்பிட்டு ஷாமினியிடம் கேட்டேன்.

“அம்மாகிட்டக் கேட்டியாம்மா?”

“எப்படி டீச்சர் கேக்கிறது? அவங்க தூங்குறாங்கல்ல?”

அவள் அப்பாவின் எண்ணை வாங்கிப் பேசினேன். அவர் லாரி ஓட்டுபவர். தயங்கித் தயங்கித்தான் பேசினார். “கஷ்டம் டீச்சர். இவ தம்பி கைக்கொழந்தையா இருந்தப்ப, அவன் தூங்கையில ஒரு போட்டோ எடுத்தேன். அதுக்கே இவ அம்மா அமுதா ஒரு வாரம் என்கூட பேசல. அழிச்சாத்தான் சோறுன்னு நின்னுட்டா. இப்ப அவளையே எடுத்து வச்சிருக்கு இந்தப் புள்ள. நான் சொல்லமாட்டேன். நீங்களே வந்து பேசுங்க.”

ஆக, அந்த அம்மா வேண்டாம் என்றால் படம் இல்லை. அதைக் காட்டாமல் பூட்டி வைக்க வேண்டியதுதான். ஷாமினிக்கோ இது கடைசி வருடம். அந்த வாரம் முழுக்க நான் சாமியறையில் நிற்கும்போதெல்லாம் நேரில் பார்த்திராத அமுதாவைத்தான் வேண்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் போனேன். அப்பா வண்டி நிறுத்துமிடத்திலேயே காத்திருந்தார். “கார் கதவ மெதுவா சாத்துங்க டீச்சர்” என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. தரைத்தள வீடு. செருப்பைக் கையால் எடுத்து வைத்தேன். ஷாமினி ஒல்லியான பிள்ளை, இரட்டைச் சடை. கும்பிட்டாள், கும்பிடும்போது உள்ளங்கைகள் ஒட்டும் சத்தம்கூட வரவில்லை. நான் உட்கார்ந்தபோது என் வளையல்கள் உரசின. அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில் என் கையைப் பார்த்தார்கள். கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன். மைலோ பானம் கலக்கினாள் அந்தப் பிள்ளை, கரண்டி கோப்பையில் படாமல். நான் முயன்று பார்த்திருக்கிறேன், இன்றுவரை எனக்கு வரவில்லை.

படத்தில் கேட்டதெல்லாம் என்னைச் சுற்றி நடந்துகொண்டிருந்தது. குழாயில் அந்தத் துணி கட்டியிருந்தது. கதவுச் சட்டத்தில் அட்டை மடித்துச் செருகியிருந்தது. சிறுவன் தலையணையோடு உட்கார்ந்திருந்தான். எனக்குத் தும்மல் வந்தது. முந்தானையைச் சுருட்டி மூக்கில் அழுத்திக்கொண்டு தலைகீழாக நின்று சமாளித்தேன். வேலை பார்த்த காலமெல்லாம் பேசியே பிழைத்தவள் நான். பேசாமல் ஒருவருக்கு இவ்வளவு கொடுக்க முடியும் என்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டேன். கோயிலில்கூட நான் அப்படி அடங்கி உட்கார்ந்ததில்லை.

சாயங்காலம் அலாரம் அடித்தது. வீடு வெடித்தது. அப்பா இருமினார். அமுதா கூந்தலை முடிந்துகொண்டே வெளியில் வந்தார்.

“வாங்க டீச்சர்! எப்ப வந்தீங்க? எழுப்பியிருக்கலாம்ல? இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, வந்தவங்களுக்குப் பசியாற ஏதாச்சும் குடுத்திச்சுங்களா?”

சிரித்த முகம், கண்ணுக்குக் கீழே கருவளையம். நான் சுற்றி வளைத்து விழாவைப் பற்றிச் சொன்னேன். பிறகு படத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் படுத்திருப்பது அதில் வருகிறது என்றும் சொல்லிவிட்டேன். அப்பா சுவரைப் பார்த்தார். ஷாமினி தன் கால்விரலைப் பார்த்தாள். அமுதா கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

முழுதும் பார்த்தார். தன் முகம் அருகில் வந்த இடத்தில் கோபம் வரும் என்று எல்லாரும் பயந்தோம். வரவில்லை. முடிந்ததும், “இன்னொரு தடவ போடுங்க” என்றார். இந்தத் தடவை காதுக் கருவியைக் கேட்டு மாட்டிக்கொண்டார். மாட்டிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். படம் அவர் மடியில் ஓடிக்கொண்டிருந்தது, அவர் பார்க்கவே இல்லை. இரவெல்லாம் வேலை செய்த உடம்பு, அசதி என்று நினைத்தேன். ஆனால் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் முகம் மாறிக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தார். ஒரு இடத்தில் கண்ணீர் மூடிய இமையைத் தாண்டி வழிந்தது. ஒரு படத்தை இப்படியும் பார்க்கலாம் என்று எனக்கு அதுவரை யாரும் காட்டியதில்லை.

“காட்டுங்க டீச்சர்” என்றார் கடைசியில். “ஆனா நானும் வரணும். லீவு போட்டுட்டு வரேன்.”

அப்பா நம்பமுடியாமல் என்னைப் பார்த்தார். திங்கட்கிழமை அலுவலகத்தில் இதை அப்படியே சாரிடம் சொன்னேன். முதல் சுற்றில் தேறாத படங்களையும் இரண்டாவது சுற்றில் கண்ணை மூடிக் கேட்க வேண்டும் என்று அவர் அப்போதே எழுதிச் சேர்த்த விதிதான், பிரவின், நீ எடுக்கப் பார்த்தது.

விழா ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளி மண்டபத்தில். பேருந்துகள் பெருநிலத்திலிருந்து பாலம் வழியாக வந்து இறங்க இறங்க இரைச்சல் கூடிக்கொண்டே போனது. பிள்ளைகள் கூடினால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஷாமினியின் படம் மதியத்துக்கு முன்னால் கடைசிப் படம். பசி நேரம், யார் கவனிக்கப் போகிறார்கள் என்று கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் ஓடத் தொடங்கியதும் மின்விசிறிச் சத்தம் மட்டும் வந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் “ஷ்ஷ்” என்றார்கள். அந்த “ஷ்ஷ்” வரிசை வரிசையாகப் பின்னால் போனது. குழாய்த் துணியில் தண்ணீர் இறங்கும்போது மண்டபத்தில் ஓர் அசைவு இல்லை. ஹார்ன் நெருங்கி வந்தபோது பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். ஹார்ன் நின்றதும் அத்தனை பேரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். எத்தனையோ கூட்டங்களில் அமைதி அமைதி என்று ஒலிபெருக்கியில் கத்தித் தொண்டை கட்டியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் கேட்காமலே அது கிடைத்தது. அலாரம் அடித்ததும் மண்டபமும் சேர்ந்து கத்தியது, கூரை பறக்காதது அதிசயம்.

கைதட்டல் ஓய்ந்ததும் ஷாமினி மேடையில் தனியாக நின்றாள். பிள்ளைகள் கேட்டார்கள். ரொட்டிக்காரருக்கு யார் சொன்னது? யாரும் சொல்லவில்லை, அவராகவே தெரிந்துகொண்டார். தம்பி எப்போதாவது சத்தம் போட்டுவிட்டால்? அப்பா காதைத் திருகுவார், ஆனால் சத்தமில்லாமல். சிரிப்பு. பிறகு நிபோங் திபாலிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண் எழுந்தாள்.

“அக்கா, நீங்க கிட்டப் போயி எடுக்கிறப்ப ஒங்கம்மா முழிச்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?”

“முழிக்கமாட்டாங்க” என்றாள் ஷாமினி. அவ்வளவு பெருமை அந்தக் குரலில். “நாங்க யாருமே சத்தம் போடமாட்டோம்ல. அதனால அவங்க நல்லாத் தூங்குவாங்க.”

மண்டபத்தின் நடுவரிசையில் அமுதா எழுந்து நின்றார்.

கேள்வி நேரத்தில் பெரியவர்கள் பேசக் கூடாது. அதற்கு முந்தின வருடம் ஒரு தலைமையாசிரியரையே சார் உட்கார வைத்திருக்கிறார். சாரைப் பார்த்தேன். அவர் மேடைக்குக் கீழேயிருந்து கிளம்பி, வரிசைகளுக்கு நடுவே நடந்து போய், ஒலிவாங்கியைத் தானே அமுதாவின் கையில் கொடுத்தார்.

“ஷாமினி” என்றார் அமுதா. ஒலிவாங்கியில் பேசிப் பழக்கமில்லாத குரல். “அம்மா ஒண்ணு சொல்லணும்மா. வீட்டுல சொல்லலாம்னு பாத்தேன், வாய் வரல. எனக்குப் பகல்ல சரியாத் தூக்கம் வராது. நைட் ஷிப்டுக்குப் போக ஆரம்பிச்சதுலேருந்தே அப்படித்தான். கொஞ்ச நேரம் தூங்குவேன், முழிச்சுக்குவேன். எந்திரிச்சு வந்துடலாம்னு தோணும். ஆனா நீங்க மூணு பேரும் வெளியில எனக்காக அவ்ளோ பாடுபடுவீங்க. எந்திரிச்சா அதெல்லாம் வீணாப் போயிடுமேன்னு அலாரம் அடிக்கிற வரைக்கும் அப்படியே படுத்திருப்பேன்.”

ஷாமினியின் முகம் சுருங்கியது. அமுதா அவசரமாகச் சொன்னார்.

“வீணாப் போச்சுன்னு நெனைக்காதடா. ஒங்கப்பா சாவியப் பொத்துறது, தம்பி தலகாணியில சிரிக்கிறது, நீ பூனையாட்டம் நடக்கிறது, எல்லாம் எனக்குக் கேக்கும். கேட்டுக்கிட்டே படுத்திருப்பேன். எனக்கு அதுதான்மா ரெஸ்ட். தூங்கியிருந்தா அதெல்லாம் எனக்குக் கெடச்சிருக்குமா?”

மேடையில் ஷாமினி விளிம்புக்கு வந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப, நான் ஹேன்போன ஒங்க மூஞ்சிகிட்டக் கொண்டு வந்தப்ப?”

“முழிச்சிட்டுத்தான் இருந்தேன். மூக்கு வேற அரிச்சுது, தாங்க முடியல.” அமுதா அழுதுகொண்டே சிரித்தார். “ஆனா எம்புள்ள படம் எடுக்குது. அசைஞ்சா கெட்டுப் போயிடும்ல?”

அந்த வீட்டில் பாதம் தரையில் படுவதே தெரியாமல் நடக்கப் பழகிய பிள்ளை, மேடைப் பலகை அதிர, மரப்படிகள் தடதடக்க இறங்கி, வரிசைகளுக்கு நடுவே “அம்மா” என்று கத்திக்கொண்டு ஓடினாள். அவ்வளவு பெரிய மண்டபத்தில் அவளை அமைதியாகப் போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.